குளச் சிரமதானம்: யாழ்ப்பாணத்துக்கு வரும் தொண்டர் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி, ஆவணி விடுமுறையில் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் குழுவாக வருகிறவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஊர்ச் சங்கங்கள் எனப் பலரும் யாழ்ப்பாணக் குளங்களில் சிரமதானம் செய்கிறார்கள். மனம் நிறைய இருக்கும், மண்வெட்டி பிடித்துப் பழக்கம் இராது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. 30 முதல் 50 பேர் கொண்ட குழுவையும் ஓர் ஏக்கருக்கு உட்பட்ட குளத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

நாங்கள் 40 பேர் வருகிறோம். ஒரு நாளில் குளத்தைத் தூர்வாரி முடிக்கலாமா?

முடியாது. ஏன் என்பதை முதலில் கணக்காகப் பாருங்கள். பழக்கமில்லாத ஒருவர் ஒரு காலைப் பொழுதில் மண்ணை வெட்டி, நிரப்பி, 10 மீற்றர் தள்ளிக் கொட்டினால் அது அரைக் கன மீற்றரைத் தாண்டாது. 40 பேருக்கு 20 கன மீற்றர். நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 7 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அரை ஏக்கர்க் குளம் என்றால் அது 2,000 சதுர மீற்றர். அந்த 20 கன மீற்றரை அதன் மேல் பரப்பிப் பார்த்தால் 1 சென்ரிமீற்றர் உயரம்தான் வரும். அவ்வளவு வியர்வையும் குளத்தை ஒரு விரல் தடிப்புக்குத்தான் ஆழமாக்கும்.

அதே 20 கன மீற்றரை வாய்க்காலில் எடுத்தால் கதை வேறு. 60 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் ஆழமும் மண் தூர்ந்து கிடக்கும் வாய்க்காலில் மீற்றருக்கு கால் கன மீற்றர் மண் இருக்கும். அதாவது 80 மீற்றர் வாய்க்கால் ஒரே காலையில் திறந்துவிடும். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 1 சென்ரிமீற்றர் மழை பெய்தால் அது 100 கன மீற்றர் தண்ணீர். அதில் பாதி மண்ணுக்குள் போனாலும் மீதி வந்து சேர வழி வேண்டாமா? இங்கே பல குளங்கள் நிரம்பாமல் கிடப்பதற்கு ஆழமின்மையைவிட வழி அடைபட்டதே பெரிய காரணம். வாய்க்காலுக்கு மேல் மதில் கட்டியிருப்பார்கள், ஒழுங்கையை உயர்த்தி மதகை மூடியிருப்பார்கள், அல்லது குப்பை கொட்டியிருப்பார்கள்.

அப்படியானால் விமானச் சீட்டுக் காசுக்குப் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) பிடித்துவிடலாமே?

நடுக்குளத்து மண்ணுக்கு அதுதான் சரி. நீங்கள் காலை முழுக்க அள்ளுவதைப் பெக்கோ ஒரு மணித்தியாலத்துக்குள் அள்ளிவிடும். ஆனால் இயந்திரம் போக முடியாத, போகவே கூடாத இடங்கள் உண்டு: மதகின் உட்புறம், கேணிப் படிக்கட்டு, மதிலோரத்து வாய்க்கால், மரவேர் பின்னிய கரை, கல்லால் கட்டிய துருசு (தண்ணீரைத் திறந்து மூடும் மடை). குப்பையையும் மண்ணையும் பெக்கோவால் பிரிக்க முடியாது. ஆகவே குழுவின் கையை இந்த இடங்களுக்கும், காசு இருந்தால் அதை இயந்திரத்துக்கும் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பெக்கோ திரும்பும் வட்டத்துக்குள் ஆட்கள் நிற்பது ஆபத்து.

எந்த மாதம் வரவேண்டும்?

ஆவணி நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி முடியும் வரை. குளம் வற்றியிருக்கும், சேறு காய்ந்து வெடித்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன்பு வேலை முடிந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியூர்ப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். தேர், தீர்த்த நாட்களில் ஊரில் உதவிக்கு ஆளும் வராது, உழவு இயந்திரமும் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

யாரிடம் அனுமதி பெறவேண்டும்?

குளம் யாருடையது என்பதைப் பொறுத்தது. வயற்குளம் என்றால் கமநல சேவை நிலையம். ஊர்க்குளம், வீதியோர வாய்க்கால் என்றால் பிரதேச சபை. கோயிற் கேணி என்றால் பரிபாலன சபை. எதுவானாலும் விதானையாருக்கும் (கிராம அலுவலர்) கடிதத்தின் பிரதி ஒன்று போகவேண்டும். எல்லைத் தகராறு இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். வாய்க்காலின் பாதி ஒருவருடைய வேலிக்குள் இருந்தால் சிரமதானத்தன்று காலையில் அவர் வந்து நிற்பார். அந்தப் பேச்சை இரண்டு கிழமைக்கு முன்பே, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள்.

மண்ணைக் குளத்து வளவுக்கு வெளியே ஏற்றினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கடிதமில்லாமல் மண்ணோடு போகும் உழவு இயந்திரத்தைப் பொலிஸ் மறித்தால் சாரதிதான் மாட்டுவார், நீங்கள் அல்ல. கரையில் பனை நின்றால் அதில் கைவைக்காதீர்கள், பனை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும்.

என்ன கருவிகள், எத்தனை?

பெரும்பாலான குழுக்கள் பிழை விடுவது இங்கேதான். 40 பேருக்கு 40 மண்வெட்டி வாங்கிவந்து, மண் சுமக்கும் இரும்புச் சட்டியான தாச்சி ஐந்து மட்டும் வைத்திருப்பார்கள். பிறகு எல்லோரும் வெட்டிப்போட்ட மண்ணின் மேல் ஏறி நிற்பார்கள். வெட்டுவதைவிட அகற்றுவதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும்.

எட்டுப் பேரை ஒரு அணியாக்குங்கள். ஒருவர் பிக்காசால் அல்லது அலவாங்கால் (கடப்பாரை) இளக்குவார், இருவர் மண்வெட்டியால் நிரப்புவார்கள், ஐவர் கைமாற்றுவார்கள். 40 பேருக்கு ஐந்து அணி. அதற்கு மண்வெட்டி 10, பிக்காசு 3, அலவாங்கு 2, தாச்சி 30 போதும். உடைந்தால் மாற்ற இரண்டு மண்வெட்டி கூடுதலாக இருக்கட்டும். கடகம் (பனையோலைப் பெட்டி) கிடைத்தால் காய்ந்த குப்பைக்கு நல்லது, ஈரச் சேற்றுக்கு உதவாது. இவற்றோடு கத்தி 4, முள் இழுக்கக் கொக்கத்தடி 2, உரப்பை 50, கயிறு ஒரு கட்டு. கிளாஸ் துண்டுகளுக்கு என்று தனியாக ஒரு பிளாஸ்ரிக் வாளி.

மண்வெட்டிப் பிடிகளை முதல்நாள் மாலையே ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆப்பு வைத்து இறுக்கவேண்டும். இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் பிடி ஊதி இறுகும் என்பது உண்மைதான், ஆனால் வெயிலில் பத்து மணிக்கு அது காய்ந்து சுருங்கியதும் மண்வெட்டித் தலை கழன்று பறக்கும்.

மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது? ஒரு மணித்தியாலத்திலேயே கை கொப்புளிக்கிறது.

இறுக்கிப் பிடிப்பதால்தான் கொப்புளிக்கிறது. கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, ஒரு காலை அரை அடி முன்னால் வையுங்கள். ஒரு கை பிடியின் நுனியில் நிற்கும், மற்றக் கை நடுவில். தூக்கும்போது நடுக்கை முன்னோக்கி வழுக்கிப் போகவேண்டும், விழும்போது பின்னுக்கு வரவேண்டும். மண்வெட்டியை நெஞ்சுக்கு மேல் தூக்கத் தேவையில்லை, அதன் பாரமே வெட்டும். நீங்கள் அதை வழிநடத்தினால் போதும். அலகு விழும் இடம் முன்காலிலிருந்து ஒரு அடியாவது தள்ளியிருக்கவேண்டும். புதியவர்களுக்குக் காயம் படுவது பெரும்பாலும் முன்காற் பெருவிரலில்தான். ஒருமுறை இறுகிய மண்ணில் பட்டு அலகு தெறித்தால் நேராக அங்கேதான் வரும்.

நிரப்பும்போது மண்ணைத் தூக்கிப் போடாமல், தாச்சியைச் சரித்து நிலத்தில் வைத்து, அதற்குள் இழுத்து விடுங்கள். முதுகு பிழைப்பதும் பிழைக்காததும் இதில்தான் இருக்கிறது. பக்கத்தில் வெட்டுகிறவருக்கும் உங்களுக்கும் 2 மீற்றர் இடைவெளி வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவரும் கைமாற்றுகிறவரும் இடம் மாறவேண்டும்.

மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கையுறை அளவாக இருக்கவேண்டும், தொளதொளவென்ற கையுறை உள்ளே உருண்டு கொப்புளத்தைக் கூட்டும். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். தானாக உடைந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, மூடிக் கட்டி, கைமாற்றும் வரிசைக்குப் போய்விடுங்கள். உடைந்த கொப்புளத்தோடு சேற்றில் கைவைக்கக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

தாச்சி நிறைய மண் போட்டால் வேலை விரைவாக முடியாதா?

முடியாது. 10 கிலோவுக்கு மேல் போடாதீர்கள், தாச்சியின் முக்கால் பங்குதான் கணக்கு. ஈர மண் கன மீற்றருக்கு ஒன்றரை தொன் நிறுக்கும். 20 கன மீற்றர் என்றால் 30 தொன், அதாவது 3,000 தாச்சி. ஐந்து வரிசைக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 600. இடைவேளை போக மூன்று மணித்தியாலம் என்றால் 18 விநாடிக்கு ஒரு தாச்சி கைமாறவேண்டும். அந்த ஓட்டம் 10 கிலோவில் தாக்குப்பிடிக்கும், 15 கிலோவில் அரை மணித்தியாலத்தில் அறுந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் எதிரெதிராக, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில், ஒருவர் விட்டு ஒருவர் முகம் பார்த்து நிற்கவேண்டும். ஒரே பக்கம் பார்த்து நின்றால் இடுப்பு முறுகும். வெறுந்தாச்சி திரும்பி வருவதற்கு ஓர் ஆளை ஒதுக்குங்கள். எறிந்து பிடிக்கும் விளையாட்டு வேண்டாம், தாச்சி விளிம்பு பல்லை உடைக்கும்.

வாய்க்காலுக்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கண்ணை நம்பாதீர்கள். யாழ்ப்பாண நிலம் அவ்வளவு தட்டை. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும்: 12 மீற்றர் நீளமான, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்ரிக் குழாய். ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையால் உறிஞ்சி நிரப்புங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பிழையாகிவிடும். நிரப்பியதும் இரு முனைகளையும் அருகருகே பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும்.

பிறகு 10 மீற்றருக்கு ஒரு முளை அடித்து, முதல் முளையில் தண்ணீர் நிற்கும் உயரத்தை அடுத்த முளையில் கோடிடுங்கள். குளத்தை நோக்கிப் போகும்போது அந்தக் கோட்டிலிருந்து 2 சென்ரிமீற்றர் கீழே அடுத்த கோடு. இப்படி 10 மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் இறக்கினால் மண் வாய்க்காலுக்குப் போதும். கூடுதலாக இறக்கினால் வெள்ளம் வாய்க்காலையே அரித்துவிடும். கோடுகளை நூலால் இணைத்து, நூலிலிருந்து ஒரே அளவு தடியால் ஆழம் பாருங்கள்.

வெட்டத் தொடங்குவது குளத்துப் பக்கத்திலிருந்து. மேலிருந்து தொடங்கி இடையில் நிறுத்திவிட்டால், மழைக்கு அந்த இடம் யாருடையதோ முற்றத்தில் குட்டையாகிவிடும்.

குளத்தில் விழும் வாய்க்கு 3 மீற்றர் முன்னால், ஒரு மீற்றர் சதுரத்தில் 60 சென்ரிமீற்றர் ஆழமாக ஒரு வண்டற்குழி வெட்டுங்கள். அதன் வாயில் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் கம்பி நிறுத்தினால் போத்தலும் பொலித்தீனும் அங்கேயே தங்கும். முதல் மழை முடிந்த மறுநாள் யாராவது அதைத் துப்பரவாக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். அந்த ஒருவர் யார் என்பதைச் சிரமதானத்தன்றே ஊரவரிடம் பேசி முடிவெடுங்கள். பெயர்ப்பலகை வைப்பதைவிட இது அவசரமான வேலை.

குளத்துக்குள் எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

கறுத்த வண்டல் முடியும் வரை மட்டும். முதலில் மூன்று இடத்தில் ஒரு அடிச் சதுரக் குழி வெட்டி, அதன் சுவரைப் பாருங்கள். மேலே கருமண், வேர், பொலித்தீன் தெரியும். கீழே நிறம் மாறி, விரலில் ஒட்டும் களி தெரியும். அந்தக் களிதான் குளத்தின் அடித்தட்டு. அதைக் குத்திக் கிழித்தால் அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். மார்கழி வெள்ளம் தை பிறக்குமுன் இறங்கிவிடும். தவறிக் கிழித்துவிட்டால் அதே களியை ஈரமாக்கி, 10 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள்.

தண்ணீர் கீழே இறங்குவது கிணறுகளுக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான். வற்றாத ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீர்தான். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பொது விதி. ஆனால் ஊறவிடும் குளமும் தேக்கும் குளமும் வேறு வேறு. மாடு தண்ணீர் குடிக்கும் குளத்தின் அடியை உடைக்க உங்களுக்கு உரிமையில்லை. கரையோர ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும், ஆழமாக்கினால் உப்புநீர் எட்டிப் பார்க்கும்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது?

கரை விளிம்பில் குவித்தால் முதல் மழையே அதைத் திருப்பிக் குளத்துக்குள் கொண்டுபோகும். சிரமதானம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு பிழையால். விளிம்பிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளிப் போடுங்கள். அணைக்கட்டை உயர்த்தத்தான் போடுகிறீர்கள் என்றால் 15 சென்ரிமீற்றர் படையாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். சுத்தமான வண்டலைத் தோட்டக்காரர் ஆசையாகக் கேட்பார்கள், செம்பாட்டு நிலத்துக்கு அது நல்ல பசளை. பம்பர்ஸ், சிரிஞ்சு, பொலித்தீன் கலந்த மண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது. குப்பையை ஏற்றப் பிரதேச சபை உழவு இயந்திரம் எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கரையில் பனம் விதை நடுவதாக இருந்தால் அணைக்கட்டின் மேலல்ல, வெளிப்புற அடியில், 10 அடிக்கு ஒன்று. பனை முளைத்ததும் கிழங்கை நேராகக் கீழே இறக்கும். பிறகு பிடுங்கி வேறு இடத்தில் நடுவோம் என்ற நினைப்பு வேண்டாம்.

குளத்தோரத்தில் சும்மா நிற்கும் கற்றூண்களை அகற்றலாமா?

வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் தனித்து நிற்கும் கல் ஆவுரோஞ்சிக் கல்லாக இருக்கும், மாடு தண்ணீர் குடித்துவிட்டு உடம்பை உரஞ்சுவதற்கு நட்டது. வீதிப் பக்கம் தோளுயர மேடை இருந்தால் அது சுமைதாங்கி. இரண்டும் குளத்தோடு பிறந்தவை. வேர் பிரித்த படிக்கற்களையும் சுண்ணாம்பால் எண் எழுதி அடுக்கி வையுங்கள்.

எலிக்காய்ச்சல் பயம் உண்மையா?

உண்மை. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேறு, காயத்தின் வழியாக உடம்புக்குள் வருகிறது. உடைந்த கொப்புளம், வெடித்த குதிகால் எல்லாம் வாசல்தான். இரண்டு கிழமைக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் தடுப்பு மருந்தை அவர்களே தருவார்கள், பாமசியில் வாங்கிச் சொந்தமாக விழுங்காதீர்கள். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால், எந்த நாட்டில் இருந்தாலும் “சேற்றில் வேலை செய்தேன்” என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். அங்குள்ளவர்களுக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராது.

பாட்டாச் செருப்போடு யாரையும் இறக்காதீர்கள். கம்பூட்ஸ் (உயரமான ரப்பர்ச் சப்பாத்து) வேண்டும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியவர்கள் வருமுன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு?

பற்றைக்குள் கையை விடாதீர்கள், முதலில் கொக்கத்தடியால் தட்டுங்கள். புடையன் சருகுக்குள் படுத்திருக்கும், மணற்பாங்கான இடங்களில் சுருட்டை. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

வெடிபொருள் ஏதும் இருக்குமா?

இருக்கலாம். பாழ்கிணறுகளிலும் குளங்களிலும் போர்க்காலத்து எறிகணைகள் இப்போதும் தட்டுப்படுகின்றன. துருப்பிடித்த உருளை, சிறகுள்ள இரும்பு, பிளாஸ்ரிக் வட்டப்பெட்டி எது தெரிந்தாலும் கருவியை அப்படியே விட்டுவிட்டு, வந்த அடிச்சுவட்டிலேயே எல்லோரும் திரும்புங்கள். தொடவும் வேண்டாம், கிட்டப் போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம். பொலிஸ் அவசர எண் 119க்குச் சொல்லுங்கள். அன்றைய வேலை அத்தோடு சரி. இதனாலேயே வெட்டிய பற்றையைக் குளத்துக்குள் எரிக்கக் கூடாது.

அருகில் உள்ள பாழ்கிணற்றையும் சேர்த்து இறைத்துவிடலாமா?

புதிய குழு கிணற்றில் இறங்கவே கூடாது. இறைக்கும் இயந்திரத்தை உள்ளே இறக்கினால் அதன் புகையே கொல்லும். விளக்கு அணையாமல் எரிகிறது, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பது பிழை. நச்சுப் புகை இருந்தாலும் விளக்கு எரியும். ஊரில் கிணறு இறைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுங்கள்.

நேரமும் சாப்பாடும் எப்படி?

காலை 6 மணிக்குத் தொடக்கம், 10.30க்கு நிறுத்தம். 40 நிமிட வேலைக்கு 10 நிமிட நிழல். ஒருவருக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், காலைக்கு 3 லீற்றர் தண்ணீர், கை கழுவுவதற்கு வேறாக. எட்டு மணிக்குப் பாணும் சம்பலும், இடையில் உப்புப் போட்ட மோர் அல்லது தேசிக்காய்த் தண்ணீர். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சத்துத் தூள்) பக்கற்று குறைந்தது பத்து இருக்கட்டும். ஒரு பக்கற்றுக்குச் சரியாக ஒரு லீற்றர். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் வியர்வை உடனே காய்ந்துவிடும், தாகம் தெரியாமலே ஆள் சுருண்டு விழுவார். பேச்சுக் குழறினால், வியர்வை நின்றால் நிழலில் கிடத்தி உடம்பை நனைத்தபடியே 1990ஐ அழையுங்கள்.

பெண்களுக்கு அருகிலுள்ள எந்த வீட்டுக் கழிப்பறை என்பதை முதல்நாளே கேட்டு வையுங்கள். “பிள்ளையள், எங்கட வீட்டை வாங்கோ” என்று யாராவது ஒரு அம்மா சொல்லுவார், ஆனால் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

இன்னொன்று. நாறும் சேற்றையும் பம்பர்ஸ் பொறுக்குவதையும் ஒரே ஆட்களிடம் தள்ளிவிடும் பழக்கம் ஊருக்குள் உண்டு, அதற்கான காரணமும் எல்லோருக்கும் தெரியும். திருவுளச்சீட்டுப் போட்டு வேலையைப் பிரியுங்கள், சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தியில் இருங்கள்.

வேலை முடிந்ததும் கருவிகளை என்ன செய்வது?

இரவல் வாங்கியவை என்றால் அன்றே கொடுக்கவேண்டும். சேறு காயுமுன் கழுவி, துடைத்து, அலகில் சிறிது பழைய எண்ணெய் பூசுங்கள். எண்ணிப் பார்க்கும்போது தாச்சி இரண்டு குறையும். வாய்க்காலின் கடைசி வளைவில் மண்ணுக்குள் கவிழ்ந்து கிடக்கும், அங்கே முதலில் தேடுங்கள்.